நமக்குப் பிறகு கடல்தான் இருக்கிறது

 

பதிவு கொஞ்சம் நீளம். தண்ணீர் பற்றியது. பில் கட்டுகிறவர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள், தொடர்மாடிக் கமிட்டியில் இருப்பவர்கள், பொதுக் குழாயில் வாளி வைத்துக் காத்திருப்பவர்கள் எல்லோரும் ஆறுதலாக வாசித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வருடமும் மார்ச் 22 உலக நீர் தினம். ஆசிரியர்களான நாங்கள் பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி வைப்போம். சொட்டுகிற குழாய், அழுகிற பூமி, கீழே "நீரைச் சேமிப்போம்" என்று ஒரு வரி. பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து, முகநூலில் போட்டால் வேலை முடிந்தது. அந்த வாரம் குத்பாவிலும் ஒரு வார்த்தை சொல்லப்படும். அதோடு அடுத்த மார்ச்.

சேமிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நமது கேள்வி வேறு. எங்கே சேமிப்பது? யார் முதலில் சேமிப்பது? மிச்சம் பிடித்த தண்ணீர் உண்மையிலேயே மிச்சமாகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை உலகத்து ஆராய்ச்சியாளர்களிடம் கொண்டுபோய் வைத்த ஓர் ஆய்வு நமது கொழும்புப் பக்கத்திலிருந்து வெளியானது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பத்தரமுல்லையைத் தாண்டிப் பெலவத்தையில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது. 1980களின் நடுவில் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில், நீர்ப்பாசன ஆராய்ச்சிக்கென்று தொடங்கப்பட்டது. 2012இல் ஸ்டொக்ஹோம் நீர் விருது பெற்ற நிறுவனம். 1996இல் அதன் பணிப்பாளர் நாயகமாக இருந்த டேவிட் செக்லர் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். தண்ணீர்ச் சேமிப்பை அதில் அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று ஈரச் சேமிப்பு. மற்றது வெறும் உலர்ந்த சேமிப்பு.

பெயர் விசித்திரமாக இருந்தாலும் விஷயம் சுலபம். அநுராதபுரம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொடராக இருக்கும். மேல் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகும். வயலில் மிஞ்சுவது வடிந்து கீழ்க் குளத்துக்கு வரும். அங்கிருந்து அடுத்த வயல், அதற்கடுத்த குளம். இப்போது மேல் வயல்காரர் "நான் பாதித் தண்ணீரில் பயிர் செய்கிறேன், மிச்சத்தை இன்னொரு வயலுக்கு விடுகிறேன்" என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கீழ்க் குளத்துக்கு வடிந்து வருவது குறைந்துபோகும். இவர் மிச்சம் பிடித்ததை அவர் இழந்திருப்பார். கணக்கில் சேமிப்பு, ஆற்றில் ஒன்றும் கூடவில்லை. இதுதான் உலர்ந்த சேமிப்பு.

வடிகிற தண்ணீர் கடலுக்கோ, உப்பு நிலத்துக்கோ, யாரும் திரும்ப எடுக்க முடியாத இடத்துக்கோ போனால் கதை வேறு. அங்கே நிறுத்துகிற ஒவ்வொரு லீற்றரும் நிஜமான மிச்சம். ஒருவருக்கும் நஷ்டமில்லாத மிச்சம். இது ஈரச் சேமிப்பு.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நமது இடத்தைப் பார்ப்போம்.

நமக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கைத் தண்ணீர். அம்பத்தலையில் எடுத்து, சுத்திகரித்து, மின்சாரத்தில் பம்ப் பண்ணி அனுப்புகிறார்கள். இன்னொரு பங்கு லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. லபுகம 1886இல் கட்டியது. அந்தத் தண்ணீர் மேட்டிலிருந்து சாய்வில் தானாகவே இறங்கி வரும். மருதானையில் மாளிகாகந்தை, முகத்துவாரத்தில் எலி ஹவுஸ் என்று நகரத்துக்குள் பெரிய நீர்த்தாங்கிகள் இருக்கின்றன. கொட்டாஞ்சேனைக்காரர்கள் எலி ஹவுஸ் பார்க்கைத் தினமும் கடந்து போகிறவர்கள்தான்.

வருகிற வழி இது. போகிற வழி என்ன?

கொழும்பு நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் கடைசியில் இரண்டு இடங்களில் கடலுக்குள் இறங்குகின்றன. ஒன்று வெள்ளவத்தை. மற்றது கொட்டாஞ்சேனையை ஒட்டிய முகத்துவாரம். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் கொண்டுபோய்க் கடலடியில் விடுகிறார்கள். அந்தக் குழாயில் சேராமல் கானுக்கும் கால்வாய்க்கும் போவதும் கடைசியில் கடலுக்குத்தான்.

கித்துல்கலையிலோ அவிசாவளையிலோ ஒருவர் குளித்த தண்ணீர் மண்ணில் ஊறி, ஓடையில் சேர்ந்து, திரும்பவும் கங்கைக்கு வரும். அதை அம்பத்தலையில் எடுத்துச் சுத்தம் செய்து நமக்குத் தருகிறார்கள். நாம் குளித்த தண்ணீர் அப்படி யாருக்கும் போகாது. கங்கையின் கடைசிக் குளம் நாம். நமக்குப் பிறகு கடல்தான் இருக்கிறது.

ஆகவே இலங்கையில் வேறு எந்த ஊரில் தண்ணீர்ச் சேமிப்பு வெறும் கணக்காகப் போனாலும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அது நிஜம். இங்கே ஒரு லீற்றர் குறைத்தால் அம்பத்தலையில் ஒரு லீற்றர் குறைவாக எடுத்தால் போதும்.

"மழை கொட்டுகிற ஊர் இது, களனி கங்கை வெள்ளம் எடுக்கிற கங்கை, நமக்கு என்ன பஞ்சம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2016 மே மாதம் அந்தக் கங்கை கொலன்னாவையை மூழ்கடித்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் வெள்ளத் தண்ணீரைக் குழாயில் அனுப்ப முடியாது. அது இரண்டு மூன்று நாளில் கடலுக்குப் போய்விடும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கங்கை வற்றும்போது நடப்பதைப் பாருங்கள். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி ஆழமாகிவிட்டது. கங்கைத் தண்ணீர் குறைந்தால் கடல் உப்பு அம்பத்தலை வரை ஏறி வருகிறது. அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கிய வருடங்களும் உண்டு. கடல் நீரைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பது கங்கையில் ஓடும் நல்ல தண்ணீர்தான். நாம் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தத் தள்ளும் பலம் குறையும்.

சரி, எங்கே சேமிப்பது?

முதலில் பெரிய ஓட்டையைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் வீட்டுக் குழாயைப் பற்றி மட்டும் பேசினால் அது நேர்மையில்லை. 2012இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு பெரும்பாகக் கொழும்புக்கான நீர்த் திட்டம் தொடங்கியபோது, கொழும்பு நகரத்துக்குள் அனுப்பிய சுத்தமான தண்ணீரில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பணம் வரவில்லை. இதை "வருமானம் தராத நீர்" என்பார்கள். அதில் பல விஷயங்கள் அடங்கும். நூறு வருடம் தாண்டிய இரும்புக் குழாய்களில் மண்ணுக்குள் கசிவது, ஓடாத மீற்றர்கள், களவு இணைப்புகள், பில் போடாத பொதுக் குழாய்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

பாதி என்றால் என்னவென்று யோசியுங்கள். கங்கையிலிருந்து எடுத்து, மருந்து போட்டு, வடிகட்டி, மின்சாரம் செலவழித்துத் தள்ளிய தண்ணீர். அதற்குப் பிறகு பழைய குழாய்களை மாற்றும் வேலை பல தெருக்களில் நடந்தது. தெருவைத் தோண்டியபோது நாம் எல்லோரும் சேர்ந்து திட்டவும் செய்தோம். அது அவசியமான வேலை.

கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ரசித்துக் கேட்பார்கள். நகரத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே போகிற வாசலில் ஒரு பெரிய மீற்றர் வைப்பார்கள். இரவு 2 மணி, 3 மணிக்கு ஊர் தூங்கும். யாரும் குளிப்பதில்லை, உடுப்புக் கழுவுவதில்லை. அப்போதும் அந்த மீற்றர் வேகமாக ஓடினால் அந்த வட்டாரத்தில் மண்ணுக்குள் எங்கேயோ ஒழுகுகிறது. பிறகு குழாயின் மேல் காது வைக்கிற கருவியோடு இரவில் நடந்து சத்தத்தை வைத்து இடத்தைப் பிடிப்பார்கள். நோயாளியின் நெஞ்சில் டொக்டர் குழல் வைத்துக் கேட்கிற மாதிரி.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குக் கம்போடியாவைக் காட்டலாம். போரில் அழிந்துபோன நாடு. தலைநகர் புனோம் பென்னில் 1993இல் தண்ணீரில் 72 சதவீதம் பணம் வராமல் போனது. பதினைந்து வருடங்களில் அதை 6 சதவீதம் அளவுக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நீர் வழங்கல் அதிகாரசபைக்குத் தலைமை வகித்த எக் சொன் சான் 2006இல் ரமோன் மகசாசே விருது பெற்றார். குழாயை மாற்றியது ஒரு பாதி. மற்றப் பாதி, எல்லோருக்கும் மீற்றர் வைத்தது. எல்லோருக்கும் என்றால் மந்திரிக்கும் ஜெனரலுக்கும் சேர்த்து. இராணுவப் பெரிய அதிகாரி ஒருவர் வீட்டில் மீற்றர் பொருத்தப் போனபோது தன் தலைக்குத் துப்பாக்கி நீட்டப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. அதே நேரம் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்து, தவணையில் கட்ட விட்டார்கள். அதுவரைக்கும் அந்த மக்கள் தண்ணீர் விற்பவர்களிடம் அதிக விலைக்கு வாங்கிக் கொண்டிருந்தவர்கள்.

மீற்றர் பெரிய வீட்டிலிருந்து தொடங்கியது, சலுகை சிறிய வீட்டிலிருந்து தொடங்கியது. இந்த ஒழுங்குதான் நமக்கு வேண்டும்.

நம்மிடையே பேச்சு இதற்குத் தலைகீழாக இருக்கிறது. "தண்ணீரை வீணாக்குகிறவர்கள் தோட்டத்து ஆட்கள்" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பொதுக் குழாய் இலவசம், அதனால் அவர்களுக்கு அருமை தெரியாது என்பார்கள். சற்று நின்று கணக்குப் பார்ப்போம்.

பத்து லீற்றர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் நடக்கிற ராத்தா ஒருவர், தூக்கக் கூடிய அளவுக்குத்தான் தண்ணீர் பாவிப்பார். சுமக்கிற கைக்குத் தண்ணீரின் அருமையை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. மாடியில் ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நிற்கிறோம். அது நிமிடத்துக்கு 9 லீற்றர் ஊற்றினால் 90 லீற்றர், அவருடைய ஒன்பது வாளி. பழைய மாதிரி டொய்லட் தாங்கி ஒரு தடவை ஃபிளஷ் பண்ணினால் ஏறக்குறைய ஒரு வாளி. இதில் யார் யாருக்குப் பாடம் நடத்துவது?

பொதுக் குழாயில் பிரச்சினை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லோருடைய குழாயும் யாருடைய குழாயுமில்லை. வொஷர் தேய்ந்தால் மாற்ற ஆளில்லை, இரவு முழுக்க ஓடும். அதற்கு மருந்து குழாயை வெட்டுவதில்லை. வீட்டுக்கு வீடு இணைப்பு, சலுகைக் கட்டணம், இணைப்புச் செலவைத் தவணையில் கட்ட வசதி. தோட்டக் குடியிருப்புகளுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் குறைந்த கட்டணப் பிரிவு ஒன்று ஏற்கனவே உண்டு. அது கிடைக்க வேண்டிய குடும்பங்களுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர்களான நமக்கு இதைவிட நல்ல சமூக சேவை வேறு என்ன இருக்கிறது? கடைசி வீட்டுக்கும் மீற்றர் வந்த பிறகுதான் பொதுக் குழாயை எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் அது சேமிப்பல்ல, பறிப்பு.

இனி நமது பள்ளிவாசல்களுக்கு வருவோம். இதை வெளியாள் சொன்னால் கோபம் வரும், ஆகவே நாமே சொல்லிக்கொள்வோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் வுழூ செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத் வரையான தண்ணீரில் குளித்தார்கள் என்று அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் ஒரு முத் என்பது முக்கால் லீற்றருக்கும் குறைவு. ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல்.

இப்போது பள்ளிவாசல் குழாயடியில் ஒரு லீற்றர் போத்தலைப் பிடித்துப் பாருங்கள். பத்து வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 6 லீற்றர். குழாயை மூடாமல் இரண்டு நிமிடம் வுழூ செய்தால் 12 லீற்றர். சுன்னத்தான அளவைவிடப் பதினாறு மடங்கு. ஒரு பேச்சுக்கு, நூறு பேர் ஐந்து வேளைக்கு வந்தால் ஒரு நாளைக்கு 6,000 லீற்றர். பில்லில் வரும் ஓர் அலகு 1,000 லீற்றர். ஆக ஒரு நாளைக்கு 6 அலகு, மாதம் 180 அலகு. அதையே ஆளுக்கு 4 லீற்றராகக் குறைத்தால் மாதம் 60 அலகு. இந்த 4 லீற்றரும் சுன்னத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல்தான், யாருக்கும் கஷ்டமில்லை.

2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் நீர்க் கட்டணம் கூடிய பிறகு, சந்தாவில் நடக்கிற பள்ளிவாசல்களுக்கு இது சிறிய பணமில்லை. மௌலவியின் சம்பளத்தையும் மத்ரஸாப் பிள்ளைகளின் செலவையும் பார்க்க வேண்டிய பணம் அது.

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வுழூவில் வீண்விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது. ஆனால் இஸ்ராப் கூடாது என்பதற்குக் குர்ஆனே போதும், அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆராய்ச்சிக்காரர் இடத்தைப் பார்த்துத்தான் சேமிப்பா இல்லையா என்று சொல்வார். மார்க்கம் ஆற்றங்கரையிலும் கையை அடக்கச் சொல்கிறது. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இரண்டும் ஒரே பதிலைத்தான் தருகின்றன.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. வுழூ வரிசைக்குப் போகிற பிரதான வால்வைக் கொஞ்சம் திருகிக் குறைத்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். ஒரு சதமும் செலவில்லை. பணம் இருந்தால், அழுத்தினால் சற்று நேரம் ஓடித் தானாக மூடிக்கொள்ளும் குழாய்களைப் போடலாம். பழைய பள்ளிவாசல்களில் ஹவ்ழில் இருந்து அள்ளி வுழூ செய்த காலத்தில் திறந்தபடி ஓடும் குழாய் என்ற பிரச்சினையே இருக்கவில்லை. குழாய் வந்த பிறகு வந்த வியாதி இது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஓமான் நாட்டில் சுல்தான் கபூஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000களின் நடுவில் ஒரு பள்ளிவாசலின் வுழூத் தண்ணீரைத் தனியாகச் சேர்த்து, வடிகட்டி, பள்ளிவாசல் தோட்டத்துக்குப் பாய்ச்சிக் காட்டினார்கள். வுழூத் தண்ணீரில் கொழுப்போ அதிக சவர்க்காரமோ இல்லை, ஆகவே சுத்தம் செய்வது சுலபம். நமக்குத் தோட்டம் இல்லை, ஆனால் டொய்லட் இருக்கிறது. ஒருமுறை வுழூவுக்குப் பாவித்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தமானதுதான், திரும்ப வுழூ செய்யத்தான் ஆகாது. ஃபிளஷ் பண்ண, வாசல் கழுவ, பூச்சாடிக்கு ஊற்ற மார்க்கத்தில் தடையில்லை. பழைய கட்டடத்தில் குழாயைப் பிரிப்பது செலவு. புதிதாகக் கட்டுகிற, திருத்தி எடுக்கிற பள்ளிவாசல்கள் வுழூத் தண்ணீருக்கு ஒரு தனிக் குழாயை இப்போதே போட்டு வைத்தால் பிறகு உடைக்க வேண்டியதில்லை. ஆலிம்களிடம் கேட்டு, பிளம்பரிடம் கணக்குக் கேட்டு, நிர்வாகங்கள் முடிவெடுக்கட்டும். கோயிலில் கால் கழுவுகிற குழாய்க்கும் தேவாலயத் திருவிழாக் காலத்துத் தாங்கிக்கும் இதே கணக்குத்தான். அந்த நிர்வாகங்களில் இருக்கிற அண்ணன்மார் அக்காமாரும் யோசிக்கலாம்.

அடுத்து வெள்ளவத்தைத் தொடர்மாடிகள். இங்கே கசிவு சத்தம் போடாமல் நடக்கும். கீழே நிலத்தடித் தாங்கி, மேலே மொட்டை மாடித் தாங்கி, நடுவில் பம்ப். மேல் தாங்கியின் மிதவை வால்வ் பழுதானால் இரவில் தாங்கி வழிந்து, பின்பக்கக் குழாயால் கானுக்குப் போய்க்கொண்டே இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் போகிறது, அதை மேலே ஏற்றிய மின்சாரமும் போகிறது, செலவு பராமரிப்புக் கட்டணமாக எல்லோர் தலையிலும் விழுகிறது. "தண்ணீர் காணாது, குழாய்க் கிணறு அடிப்போம்" என்று சிலர் சொல்வார்கள். கடற்கரையோரம் அளவுக்கு மீறி இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுக்கும். முதலில் வழிகிற தாங்கியைப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய இரண்டு சோதனை சொல்கிறோம். பிள்ளைகளை வைத்தே செய்யலாம்.

ஒன்று, இரவு படுக்கப் போகும்போது எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீற்றர் எண்ணை எழுதி வையுங்கள். ஸுபஹுக்கு எழும்பியதும், தண்ணீர் திறப்பதற்கு முன் திரும்பப் பாருங்கள். எண் கூடியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. இரவு 2 மணிக்கு நகரத்தில் செய்கிற அதே சோதனை. மேல் தாங்கி நிரம்பாமல் இருந்தால் அது நிரம்புகிற தண்ணீரும் மீற்றரில் காட்டும், ஆகவே தாங்கி நிறைந்த பிறகு பாருங்கள்.

இரண்டு, டொய்லட் தாங்கிக்குள் கேக்குக்குப் போடுகிற கலரிங் நாலைந்து சொட்டு விடுங்கள். ஃபிளஷ் பண்ணாமல் பதினைந்து நிமிடம் விட்டுக் கீழே பாருங்கள். நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலே ஒரு நாளைக்கு 4 லீற்றருக்கு மேல் வரும். டொய்லட் தாங்கி சொட்டாது, மெல்லிய கோடாக ஓடும். ஆகவே இன்னும் எத்தனையோ மடங்கு.

"சபையே பாதித் தண்ணீரை மண்ணுக்குள் விட்டபோது நம்முடைய ஒரு வொஷரால் என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். தெருவில் ஓடுகிறதை முறையிடுகிற உரிமை நமக்கு இருக்கிறது, அதை விடக்கூடாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இலக்கம் 1939. தெருவில் தண்ணீர் பொங்குவதைக் கண்டு வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் அந்த இலக்கத்துக்கும் ஓர் அழைப்பு எடுங்கள். ஆனால் மீற்றருக்கு இந்தப் பக்கம் ஒழுகுவதற்கு நாம்தான் பொறுப்பு. அதைத் திருத்த எந்த வங்கியும் கடன் தர வேண்டியதில்லை.

ஆகவே நமது வேண்டுகோள் மூன்று.

பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பாடசாலை, தொடர்மாடி எதுவானாலும் மாதாமாதம் பாவித்த அலகு எவ்வளவு என்பதை அறிவித்தல் பலகையில் போடுங்கள். ரூபாயை மட்டும் போட்டால் கட்டணம் கூடினதா பாவனை கூடினதா என்று தெரியாது. அலகைப் போடுங்கள்.

தோட்டங்களில் வீட்டுக்கு வீடு இணைப்பும் சலுகைக் கட்டணமும் கிடைக்கும் வரை பொதுக் குழாயில் கை வைக்க வேண்டாம் என்று நமது மாநகர சபை உறுப்பினர்களிடம் எல்லாச் சமூகத்தவரும் சேர்ந்து கேட்போம்.

பாடசாலைகளில் அடுத்த மார்ச் 22க்குச் சித்திரப் போட்டியோடு ஒரு மீற்றர் போட்டியும் வைப்போம். ஒரு மாதம் பாடசாலை மீற்றரைப் பிள்ளைகளே வாசித்து வரைபு கீறட்டும். ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை பூட்டிக் கிடக்கிற நாளில், மீற்றர் எவ்வளவு ஓடியது என்று அதிபரிடம் அவர்களே கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாம் தயாராக இருக்க வேண்டும்.

நிர்வாகத்தில் இருக்கிற நானாமார், கமிட்டியில் இருக்கிற ராத்தாமார், இதை உங்கள் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஏற்கனவே குழாய் மாற்றிய, வால்வ் குறைத்த பள்ளிவாசல்கள் இருந்தால் முன்பு எத்தனை அலகு, இப்போது எத்தனை அலகு என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.